ஓட்டுநர் இல்லாத ரயிலில் அம்மா

டோக்கியோவில் நிப்போரி என்ற இடத்திலிருந்து வடக்கே புறநகர்களுக்கு ஒரு சின்ன ரயில் போகிறது. மொத்தம் ஐந்து பெட்டிகள். தரையில் ஓடாது, ஒரு பெரிய சாலையின் நடுவே வரிசையாகத் தூண்கள் நட்டு, அவற்றின் மேல் போட்ட கான்கிரீட் பாதையில் ஓடும். சக்கரங்கள் ரப்பர் டயர்கள் என்பதால் தடதடப்பு கிடையாது. ஓட்டுநரும் கிடையாது. மூன்று வருடம் நான் அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

இப்போது டெக்சஸில், பிளானோவில் இருக்கிறேன். அதே கம்பெனிதான், இடம் மட்டும் மாற்றிவிட்டார்கள். காலையில் டோல்வே என்கிற சுங்கச் சாலையில் நாற்பது நிமிடம் கார் ஓட்டுகிறேன். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பொறியியல் முடித்த முதல் ஆள், விமானம் ஏறிய முதல் ஆள், கார் ஓட்டிய முதல் ஆள். இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. யாரும் கொடுத்து வாங்கியதில்லை. ஆனாலும் காலையில் சிக்னலில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு அந்த ரயிலைத்தான் நினைக்கிறேன். ரயிலை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதில் என்னோடு வந்த அம்மாவை.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் பனியன்களை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது. இருபத்தைந்து வருடம் நின்றுகொண்டே பார்த்தாள். எழுத்து தெரியாது. எண்கள் தெரியும், டஜன் கணக்கும் பஸ் நம்பரும் தெரியாமல் திருப்பூரில் பிழைக்க முடியாது. அப்பா நான் கல்லூரியில் இருக்கும்போதே போய்விட்டார். நான் ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தம்பி வீட்டில் இருந்த அம்மாவை மூன்று மாத விசாவில் அழைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அந்த ரயிலில் ஏறியதும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கக் கண்ணாடியையே பார்த்தாள். இடம் இருந்தது, உட்காரும்மா என்றேன்.

"ஆளு வரட்டும் கண்ணு. அப்பறம் உக்காந்துக்கலாம்."

"எந்த ஆளு?"

"ட்ரைவருதான். டீ குடிக்கப் போயிருப்பாரு."

கதவு மூடியது, ரயில் கிளம்பியது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த நிலையம் வரும்வரை விடவில்லை. அது தானாக நின்று, தானாகக் கதவைத் திறந்து, தானாக மூடியதும்தான் மூச்சை விட்டாள். அப்புறம் ரகசியம் போலக் கேட்டாள், இது இங்கிருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியுமா என்று.

அந்த ரயிலின் முன்கோடியில், கண்ணாடியை ஒட்டி, எதிரே பாதையைப் பார்த்தபடி ஓர் இருக்கை உண்டு. சின்னப் பிள்ளைகள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். அம்மா இரண்டு வாரம் அதன் பக்கம் போகவில்லை. என்றைக்காவது ட்ரைவர் வந்துவிட்டால் அவருக்கு இடம் வேண்டுமே என்பது அவள் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்தி உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கம்பெனியில் புது மெஷின் இறங்கினால் அப்படித்தான் செருப்பில்லாமல் கிட்டே போவாளாம். ரயில் ஆற்றைத் தாண்டுவதற்காக ஏற்றத்தில் ஏறியது; கீழே அரகாவா ஆறு, இருகரையிலும் புல்வெளி, தூரத்தில் பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு அந்த இருக்கைக்காகப் பிள்ளைகளோடு அவளும் போட்டியில் இறங்கிவிட்டாள்.

நாங்கள் இறங்கும் நிலையத்துக்கு எண் ஒன்பது. அங்கே எல்லா நிலையத்துக்கும் எண் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து அம்மா தனியாகப் போய் வர ஆரம்பித்தாள். சாயங்காலம் நான் வேறு ரயிலில் நிப்போரி வந்து மாறும்போது, டிக்கெட் கதவுகளுக்கு இந்தப் பக்கம் ஸ்வெட்டரும் சேலையுமாக நின்றுகொண்டிருப்பாள். எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டால், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு வந்துவிட்டுப் போகலாமே என்பாள். வழியில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வருவாள். எந்த மாடியில் மெத்தையை வெயிலுக்குப் போட்டார்கள், எந்த வீட்டில் இரண்டு நாளாகத் துணி எடுக்கவில்லை, எந்தக் கட்டடத்துச் சுவரில் ஒரு ஓடு புதிதாக மாற்றியிருக்கிறார்கள். செக்கிங் பார்த்த கண். எழுபது குடும்பம் தெரியும் என்பது போலப் பேசுவாள், ஒருவரையும் தெரியாது.

இதைவிட முக்கியமான ஒன்று அங்கே நடந்தது. ஒரு நாள் கடையில் ஒரு பொட்டலத்தைக் காட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தெரியாது என்றேன். வேறொன்றைக் காட்டினாள். அதுவும் தெரியாது. எனக்கு ஜப்பானிய மொழி பேச ஓரளவு வரும். அவர்களுடைய அந்தக் கட்டம் கட்டமான எழுத்து அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது.

"ஒனக்குமா படிக்கத் தெரியாது?"

"தெரியாதும்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணு ரெண்டு தெரியும்."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட. கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, "வா, நான் மோந்து பாத்துச் சொல்றேன்" என்று முன்னால் நடந்தாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஏதோ மாறியது. சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் தபாலை நான்தான் படிப்பேன், கரண்டு பில்லை நான்தான் பார்ப்பேன், பத்து வயதிலேயே எனக்கு அந்த அதிகாரம் வந்துவிட்டது. அம்மா எப்போதும் ஒரு படி கீழே நின்று கேட்பவள். அந்த ஊரில் இரண்டு பேரும் ஒரே படியில் நின்றோம். சில சமயம் அவள் ஒரு படி மேலே நின்றாள்.

ஒரு சாயங்காலம், வழியில் டிராம் வந்து சேரும் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்ப மேலே ஏறினோம். பலமான காற்று. கதவருகே புதிதாக ஒரு அட்டை மாட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் வேகமாக ஏதோ சொன்னார்கள். நான் கைப்பேசியை எடுத்து அந்த அட்டையைப் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். அம்மா அட்டையைப் பார்க்கவே இல்லை; சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"வண்டி வராது கண்ணு. எல்லாரும் கடியாரத்தப் பாத்துட்டுக் கீழ எறங்கறாங்க பாரு."

காற்றால் ரயில் நிறுத்தம் என்று என் கைப்பேசி சொல்ல இன்னும் அரை நிமிடம் ஆனது. டாக்சிக்கு நீண்ட வரிசை. எப்படிப் போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா மேலே பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதுல என்ன ரோசன? தூணப் புடிச்சுட்டே போனா வீடு வந்துரும்."

வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். தலைக்கு மேலே வெறும் பாதை, இடப்பக்கம் தூண், அடுத்த தூண், அதற்கடுத்த தூண். ஆற்றுப் பாலத்தில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. வெங்காயத் தாள் பையிலிருந்து பறந்துவிடாமல் அம்மா கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் முன்னால், நான் பின்னால். வாழ்க்கையில் நான் வழி தெரியாமல் அவள் பின்னால் நிம்மதியாக நடந்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மாதம் முடிந்து அவள் திருப்பூர் போனாள். மறு வருடம் கம்பெனி என்னைப் பிளானோவுக்கு அனுப்பியது.

இந்த வருடம் ஏப்ரலில் அம்மாவை இங்கே ஆறு மாதத்துக்கு அழைத்தேன். இங்கிருக்கும் தமிழர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: டிக்கெட்டில் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்தேன். இங்கிலீஷ் தெரியாத அப்பா அம்மாவுக்கு அதுதான் வழி. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தள்ளுகிறவர் இமிகிரேஷன் வரை கொண்டுபோய் நிறுத்துவார், எந்த வாசல் என்று தேட வேண்டாம். டாலஸ் விமான நிலையத்தில் அன்றைக்கு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் வெளியே வந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் நல்ல கால். பாதிப் பேர் வாசலில் பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து ஓடினார்கள். அம்மா எழுந்து, புடவையைச் சரிசெய்து, தள்ளி வந்த பெண்ணுக்குக் கும்பிடு போட்டாள். காரில் ஏறியதும் கேட்டாள்.

"எனக்குக் காலுக்கு என்ன கேடு?"

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்காகவே இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் எடுத்திருந்தேன். காலை ஏழரைக்கு நான் போனால் ஆறு மணிக்கு வருவேன். முதல் வாரம் கிச்சனைக் கழுவினாள். இரண்டாம் வாரம் பால்கனியில் நின்றாள். பார்க்கிங்கில் எந்தக் கார் எப்போது போகிறது என்று சொன்னாள். அதற்கு மேல் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. நடக்கிறவர்கள் இல்லை, மாடியில் துணி காய்வதில்லை. ஒரு நாள், இங்கே அந்த வண்டி இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். பஸ்? நமக்குப் பக்கத்தில் இல்லை என்றேன். வார இறுதியில் எல்லா இடத்துக்கும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன், கூட்டியும் போனேன். கோயில், இந்தியன் ஸ்டோர், என் சிநேகிதிகள் வீடு. எல்லாமே என் சௌகரியத்துக்கு, என் காரில். அவள் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வருவாள்.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்குப் பழக்கமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு. சென்னைத் தமிழ் பேசும் ஒரு ஆன்ட்டி.

"உங்க அம்மா என் கார்ல இருக்காங்கம்மா. டோல்வே பக்கத்துல சர்வீஸ் ரோட்ல நடந்து போயிட்டிருந்தாங்க. சேலையப் பாத்துட்டு யூ டர்ன் பண்ணி வந்தேன். இங்க யாரும் அப்படி நடக்க மாட்டாங்க, டேஞ்சர். கையில ஒரு பேப்பர்ல உங்க நம்பர் வெச்சிருந்தாங்க."

மீட்டிங்கை விட்டுவிட்டு ஓடினேன். ஆன்ட்டி அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, அபார்ட்மென்ட் வாசலில் காரை நிழலில் போட்டுக் காத்திருந்தார். தனியா விடாதீங்கம்மா என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த வார்த்தையே சுட்டது; அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று யாரோ எழுதி ஒட்டியது போல.

வீட்டுக்குள் போய்த்தான் விஷயம் தெரிந்தது. அம்மா இந்தியன் ஸ்டோருக்குக் கிளம்பியிருக்கிறாள். கறிவேப்பிலை இல்லை. காரில் போகும்போது டோல்வே உயரத் தூக்கி நிற்கும் இடத்தையும், கீழே வரிசையாக நிற்கும் தூண்களையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். மேலே போகிற பாதை கடைக்குத்தானே போகிறது, தூணைப் பிடித்துக்கொண்டே போனால் கடை வந்துவிடும் என்று நடந்திருக்கிறாள். தூண்கள் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிட்டன. பாதை தரைக்கு இறங்கி, கார்கள் பறக்கும் எட்டு வழிச் சாலையாகிவிட்டது. நாங்கள் கடைக்குத் திரும்பும் எக்ஸிட்டில் நிலையமும் இல்லை, எண் ஒன்பதும் இல்லை. அவள் அதைத் தாண்டி மூன்று மைல் போய்விட்டாள். அந்த வெயிலில்.

அப்போது நான் இதில் எதையும் யோசிக்கவில்லை. சொன்னேன்:

"படிக்கத் தெரியாதவ எதுக்கும்மா தனியா வெளிய போற?"

அம்மா பாத்ரூமுக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். குதிகாலில் கொப்புளம் இருந்தது, மருந்து போட வந்த என் கையை விலக்கவும் இல்லை. ராத்திரி சாதம் பரிமாறினாள். அதற்கு நான்காவது நாள், தம்பி பிள்ளைக்கு ஸ்கூல் திறக்கிறார்கள், டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று கேட்டாள். தம்பி பிள்ளைக்கு ஒவ்வொரு ஜூனிலும் ஸ்கூல் திறக்கிறார்கள்.

இரு என்று சொல்லியிருக்கலாம். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். தினமும் வேலை முடிந்து வரும்போது காரில் அதைச் சொல்லிப் பார்ப்பேன், நன்றாகத்தான் வரும். வீட்டுக் கதவைத் திறந்தால் வராது. மன்னிப்புக் கேட்டு எங்கள் வீட்டில் பழக்கமில்லை. யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அடுத்த வேளை சாப்பாட்டில் சரியாகிவிடும். இது சாப்பாட்டில் சரியாகவில்லை. டிக்கெட்டை மாற்றினேன். அவள் அந்த வார்த்தையோடு போய்விடப் போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

கிளம்பும் நாள், விமான நிலையக் கவுன்ட்டரில் சக்கர நாற்காலி தயாராக இருக்கிறது என்றார்கள். நாற்காலி வேண்டாம், அம்மாவை நானே விமான வாசல்வரை கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். உதவி தேவைப்படும் பயணிகளுக்காக அப்படி ஒரு அனுமதிச் சீட்டு தருவார்கள் என்று முன்பே படித்து வைத்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டை அச்சிட்டுக் கொடுத்தாள். பயணம் இல்லாத நான், பயணிகளோடு பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றி நின்றேன்.

சோதனை முடிந்து உள்ளே வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். மேலே, கண்ணாடிக்குப் பின்னால், சத்தமில்லாமல் ஒரு சின்ன ரயில் வந்து நின்றது.

"அந்த வண்டி இங்கயும் இருக்குதா?"

இருக்கிறது. டெர்மினலுக்கு டெர்மினல் போவதற்காக விமான நிலையத்தைச் சுற்றி ஓடுகிறது. ஓட்டுநர் இல்லாதது, ரப்பர் டயர், மேலே போகிற பாதை. ஆனால் அது சோதனைக்கு உள்பக்கம் இருக்கிறது. இந்த ஊரைவிட்டுப் போகிறவர்களும் இந்த ஊர் வழியாகப் போகிறவர்களும்தான் ஏறலாம். இங்கே இருப்பவர்களுக்கு அது இல்லை. அதனால்தான் நான் இல்லை என்றேன், பொய் சொல்லவில்லை என்று அம்மாவிடம் விளக்கப் போய், நடுவில் விட்டுவிட்டேன்.

"ஏறலாமா? நேரம் இருக்குது."

அம்மாவின் விமானத்துக்கு அந்த ரயில் தேவையே இல்லை, அதே டெர்மினல்தான். ஏறினோம். அம்மா நேராக முன்கண்ணாடிக்குப் போனாள். உட்கார இடமில்லை, இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விமானங்களின் வால்கள் வரிசையாகப் போயின. கீழே பெட்டி ஏற்றும் வண்டிகள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த நீல வண்டியில் ஒரு சக்கரம் காற்று கம்மி என்றாள். பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார், ஒன்றும் புரியாமல்.

ஒரு சுற்று வந்து எங்கள் நிலையத்தில் கதவு திறந்தது. இறங்கவில்லை. மூடியது.

"அம்மா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

எதை என்று அவள் கேட்கவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வளைவு தாண்டியது.

"பொய்யா சொன்னே? எனக்குப் படிக்கத் தெரியாதுதான்."

"இருந்தாலும்..."

"அந்த ஊர்ல ஒனக்குந்தான் தெரியாது. அப்ப நீ நல்ல புள்ளையா இருந்தே கண்ணு."

அவள் குரலில் கோபம் இல்லை. துணியில் கறை இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்வது போலச் சொன்னாள். நான் அழுதேன். ரயிலில் எல்லோருக்கும் விமானம் பிடிக்கிற அவசரம், யாரும் கவனிக்கவில்லை. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே என் கன்னத்தில் ஒரு இடி இடித்தாள். வலித்தது.

"இருக்கியா, டிக்கெட்ட மாத்திடறேன்" என்றேன்.

"வேண்டாம். இங்க உக்காந்துட்டு நான் என்ன பண்றது? நீ வேலைக்குப் போற. எனக்குப் போறதுக்கு எடமில்ல." கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "ஒன் மேல வருத்தமில்ல. அதச் சொல்லிட்டுப் போலாம்னு நானும் இத்தன நாளாப் பாத்தேன், வாயில வரல" என்றாள்.

அவளும் பார்த்திருக்கிறாள். நான் காரில் ஒத்திகை பார்த்த அதே நாட்களில், கிச்சனில் நின்றுகொண்டு.

இரண்டாவது சுற்று முடிந்து இறங்கினோம். வாசலுக்குப் போனபோது ஏறச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். நின்று பேச நேரமில்லை. தோஹாவில் விமானம் மாறும்போது மட்டும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றேன். அங்கே உட்கார்ந்துகொள்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். தனக்கு முன்னால் போன ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் செய்வதையே செய்துகொண்டே, பாஸ்போர்ட்டை நீட்டி, உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவர்களைத் தவறவிட்டால் சிரமம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் கண்ணாடிப் பக்கம் வந்து நின்றேன். விமானம் முழுதாகத் தெரிந்தது, வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். அவளுக்கு எந்தப் பக்கம் இருக்கை என்று நான் கேட்டு வைக்கவில்லை. எல்லா ஜன்னலையும் பார்த்துக் கையசைத்தேன்.